ஆடித் திருவிழாவுக்குப் பந்தல் அனுமதி வாங்கிய அனுபவம்

எங்கள் தெரு அம்மன் கோவிலில் ஆடி நாலாம் ஞாயிறு கூழ் ஊற்றி, அன்று ராத்திரி கூத்து விடுவது என் தாத்தா காலத்துப் பழக்கம். வடசென்னையின் ஓரத்தில், மாதவரம், மணலி, திருவொற்றியூரோடு 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்த பகுதி எங்களுடையது. ஊராக இருந்தபோது ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவோம். பந்தல்காரர் சவுக்குக் கம்போடு வந்து, கடப்பாரையால் ரோட்டில் குழி போட்டு, சாயங்காலத்துக்குள் கட்டி முடித்துவிடுவார்.

போன வருஷம் கூழ் ஊற்றும்போது ஒரு காற்று அடித்தது. ஆடிக் காற்றுதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரத்துக் கம்பு ஒன்று பிடுங்கிக்கொண்டு, சொம்போடு வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அம்மன் காப்பாற்றினாள். இந்த வருஷம் விழாக்குழு செயலாளராக என்னைப் போட்டதும் நான் சொன்ன முதல் விஷயம், எல்லாவற்றையும் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் செய்யப்போகிறோம் என்பது.

வைகாசி கடைசியிலேயே ஆரம்பித்தேன். ஸ்டேஷன் ரைட்டர் பொறுமையாகச் சொன்னார்: ரோடு மாநகராட்சியுடையது, அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒன்று, மின்வாரியத்திலிருந்து ஒன்று, போக்குவரத்துப் போலீசின் கருத்து, இவ்வளவும் வந்த பிறகுதான் பந்தலுக்கும் மைக்குக்கும் அனுமதி. சரி என்று கிளம்பினால், ஓர் அலுவலகத்தில் "போலீஸ் அனுமதி இருக்கா, அதைக் கொண்டு வாங்க" என்றார்கள். அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே. மனு ஒன்பது நாள் ஒரே மேஜையில் கிடந்தது. நாள் குறித்து, காப்புக் கட்டத் தேதி சொல்லியாகிவிட்ட நிலையில் ஒன்பது நாள் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று விழா எடுத்தவர்களுக்குத் தெரியும்.

வழி சொன்னவர் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர். "ஒருத்தர் கையெழுத்துக்காக இன்னொருத்தரை நிறுத்தி வைக்காதே. ஒரே தேதி போட்டு எல்லா ஆபீசுக்கும் தனித்தனியா மனு எழுது. ஒவ்வொண்ணுலயும் மத்தவங்களுக்கு நகல்னு போடு. தபால் பிரிவுல கொடுத்து உன் நகல்ல சீல் வாங்கிக்கோ." அப்படியே செய்தேன். ஐந்து சீல் வைத்த நகல்களை ஒரு ஃபைலில் போட்டுக் கையில் வைத்திருந்தால் பேச்சே மாறிவிடுகிறது. "மனு கொடுத்திருக்கோம் சார், இதோ நம்பர்" என்று காட்டலாம்.

அதைவிடப் பெரிய உதவி, ஒரு ஸ்கெட்ச். முதல் மனுவில் "தெருவில் பந்தலும் மேடையும்" என்றுதான் எழுதியிருந்தேன். படிக்கிறவருக்கு அதில் என்ன புரியும்? டிப்ளமோ சிவில் படிக்கும் என் மச்சான் மகன் டேப் பிடித்து அளந்து, ஒரே தாளில் வரைந்து கொடுத்தான். தெரு அகலம் 24 அடி, மேடை எங்கே, கரண்ட் கம்பம் எங்கே, ஜெனரேட்டர் எங்கே, ஜனம் எந்தப் பக்கம் வெளியேறும் எல்லாம் அதில் வந்துவிட்டது. அந்தத் தாள் போன பிறகு ஒவ்வொரு அலுவலகமும் ஆள் அனுப்பியது.

முதலில் வந்தவர் மின்வாரிய லைன்மேன். தாளைப் பார்க்கவில்லை, தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தார். வழக்கமாக மேடை போடும் இடத்துக்கு நேர் மேலே தாழ்வழுத்தக் கம்பி, நடுவில் தொய்ந்து சுமார் 18 அடியில் போகிறது. மேடைத் தளம் 3 அடி, அதற்கு மேல் கூரை 12 அடி. மிச்சம் 3 அடிதான். மேல்பக்கம் இரண்டரை மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. "அதுக்காக இரண்டரை மீட்டர் விட்டு அடியில கட்டிடலாம்னு நினைக்காதீங்க. கம்பிக்குக் கீழ பந்தலே கூடாது" என்றார். இத்தனை வருஷம் அந்தக் கம்பிக்கு அடியில்தான் கர்ணனும் துரியோதனனும் கிரீடம் வைத்துக்கொண்டு குதித்திருக்கிறார்கள்.

அடுத்து தீயணைப்பு நிலைய அலுவலர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வந்ததும் தெருவின் கடைசி வீடு வரை நடந்தார். அங்கே படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். "ராத்திரி இந்த வீட்ல ஏதாவது ஆச்சுன்னா எங்க வண்டி எப்படி தம்பி உள்ள வரும்?" என்று கேட்டார். 24 அடித் தெருவில் 16 அடி மேடை போட்டிருந்த என் ஸ்கெட்சைப் பார்த்தேன். பதில் இல்லை.

பிறகு பந்தல்காரரிடம் கூரைத் துணியைக் கேட்டார். அவர் கொண்டுவந்த பளபளப்பான துணியிலிருந்து நாலு நூலை உருவி, தீக்குச்சி உரசிக் காட்டினார். நூல் சாம்பலாகவில்லை, உருகியது. கறுப்பாக ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலும் எரிந்தது. "இது உச்சந்தலையில விழுந்தா?" என்றார். பிறகு பருத்தித் துணியில் அதையே செய்தார். அது எரிந்து சாம்பலாக உதிர்ந்தது, சொட்டவில்லை. தற்காலிகப் பந்தல்களுக்கென்று இருக்கும் ஐ.எஸ். 8758 என்ற இந்தியத் தர விதியில் செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது என்றும், கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் இருப்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

கீற்றுப் பந்தல்தான் குளிர்ச்சி என்று எங்கள் பெரியவர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். அலுவலர் கோபப்படவில்லை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 40 பேருக்கு மேல் போனதையும், 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து மாப்பிள்ளையோடு சேர்த்து 50 பேருக்கு மேல் இறந்ததையும் நினைவுபடுத்தினார். பெரியவர் அதற்குமேல் பேசவில்லை.

கம்பிக்கும் வண்டிக்கும் சேர்த்து ஒரே தீர்வாகக் கிடைத்தது, கோவிலை ஒட்டிய காலி மனை. மேடையை அதற்குள் தள்ளினோம். மனைக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, ஸ்கெட்சைத் திருத்தி, மறுபடி ஐந்து இடத்திலும் கொடுத்தோம். ஜனம் உட்காரும் பந்தல் மட்டும் கம்பி இல்லாத மேற்குப் பக்கமாகத் தெருவில். கிழக்கே 12 அடி வழி காலி.

மாநகராட்சிப் பொறியாளர் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்: தார் ரோட்டில் ஒரு குழிகூடப் போடக் கூடாது. பந்தல்காரருக்கு அதில் வருத்தம்தான். "குழி இல்லாம ஆடிக் காத்துக்கு எப்படிண்ணே நிக்கும்?" என்றார். 200 லிட்டர் டிரம்மில் மணல் நிரப்பி அதற்குள் பைப்பை நிறுத்தி, குறுக்கு முட்டுக் கொடுத்து, கிளாம்பு போட்டு இறுக்கினோம். பக்கத்துப் படுதா கட்டவே இல்லை. காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழி இருக்கட்டும் என்பது பந்தல்காரரின் யோசனை. டிரம் வாடகையும் மணலும் சேர்ந்து செலவு கூடியது, ஆனால் கூழுக்குக் கொடுப்பது போலவே இதற்கும் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள்.

தற்காலிக மின் இணைப்புக்குப் பணம் கட்டியது, லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் சோதனை அறிக்கை வாங்கியது, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. போட்டது, உறுதிமொழிக் கடிதம் எழுதியது எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன.

மனசு வலித்தது மைக் அனுமதியில்தான். ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திறந்த வெளியில் வாத்தியமும் கூடாது. விடிய விடிய நடக்கும் கூத்து அது. பாதி ராத்திரிக்கு மேல் முகவீணை என்ற ஊதுகுழலின் ஒலியில் தூங்கி விழித்து, விடியற்காலையில் கர்ணன் சாவதைப் பார்த்து அழுத பிள்ளைகள் நாங்கள். கூத்து வாத்தியாரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அஞ்சு மணிக்கே முகத்துல அரிதாரம் பூசிடறோம். கட்டியக்காரனோட வேடிக்கையைச் சுருக்கிக்கலாம். கர்ணனை மட்டும் சுருக்க மாட்டேன்" என்றார்.

உத்தரவு கைக்கு வந்தது விழாவுக்கு இரண்டு நாள் முன்னால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே காற்று வந்தது. கூரைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, பைப்புகள் முனகின, ஒரு டிரம்மும் நகரவில்லை. போன வருஷம் தப்பிய அந்தப் பெண் கூழ் வாங்கிக்கொண்டு போவதை நின்று பார்த்தேன்.

கர்ணன் 9.40-க்கு விழுந்தான். மங்களம் பாடி, பத்துக்கு முன்னால் மைக்கை நிறுத்தினோம். பாயோடு வந்திருந்த கிழவிகள் எழுந்திருக்கவில்லை. "அவ்வளவுதானாப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் ராத்திரி 12 மணிவரை மாநில அரசு தளர்வு கொடுக்க அந்த ஒலி மாசு விதியிலேயே இடம் இருக்கிறது. எங்கள் ஆடி ஞாயிறும் அதில் சேர வேண்டும் என்று கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். பங்குனியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், ஸ்கெட்சோடு.