பளைக் காற்றில் எடுக்க முடியாத பங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கொடிகாமம் தாண்டிப் பளையை நெருங்கினால் ஏ9 வீதியின் இரு பக்கமும் தென்னைதான். அங்கிருந்து புலோப்பளைப் பக்கம் திரும்பி நீரேரிக் கரைக்குப் போனோம். 2014இல் வந்த காற்றாலைகள் அங்கேதான் நிற்கின்றன. ஆடி மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று முழு வீச்சில். ஹெல்மெட்டைக் கழற்றினால் கண்ணெல்லாம் மணல். கோபுரத்தின் ஒடுங்கிய நிழலில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருந்தன. நிழல் நகர, எழும்பி அவையும் நகர்ந்தன.

மச்சான் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "மூண்டு செட்டைதானே? இடையால போற காத்தெல்லாம் வீண். இன்னும் நாலைஞ்சு பூட்டினா என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் காற்றின் சக்தி முழுவதையும் பிடுங்க வேண்டுமென்றால், காற்று அங்கேயே நின்றுவிட வேண்டும். நல்லூர்த் தேரன்று வாசலைக் கடந்தவர்கள் உள்ளேயே நின்றுகொண்டால் பின்னால் வருபவர்கள் என்ன செய்வார்கள்? வேறு வழி பார்ப்பார்கள். காற்றும் அப்படித்தான், காற்றாலையைச் சுற்றி விலகிப் போய்விடும். தடையே இல்லாமல் விட்டாலோ ஒன்றும் கிடைக்காது. வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு காற்று வெளியேறும்போதுதான் வரவு உச்சம்: 27இல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம். ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் வெளியிட்ட கணக்கு இது. எத்தனை செட்டை பூட்டினாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. நல்ல காற்றாலைகளே 45 சதவீதத்தை ஒட்டித்தான் எடுக்கின்றன.

அதனால் செட்டையைக் கூட்டுவதைவிட இடத்தைத் தேடுவதே புத்தி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு! மறிப்பில்லாத இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. காற்றாலைகளைத் தள்ளித் தள்ளி நட்டிருப்பதற்கும் காரணம் உண்டு: முன்னால் நிற்பது களைப்பாக்கி விட்ட காற்றுப் பின்னால் நிற்பதற்கு உதவாது.

"அப்ப தண்ணியில சுத்தினா?" என்றான், யாழ்ப்பாணக் கடலின் மேல் போகும் பண்ணைப் பாலத்தால் திரும்பி வரும்போது. திறந்த நீரோட்டத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால் நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீர், 9 மீட்டர் வேகக் காற்றுக்குச் சமம். சரி, பண்ணையில் அந்த ஓட்டத்துக்கு எங்கே போவது? ஆழமில்லாத கடல், அசைந்து அசைந்துதான் போகிறது. கடலில் தடி நட்டுக் கட்டும் களங்கண்ணி வலைக்கு அது போதும்.