27 சென்ட் இடத்துக்கு உட்பிரிவு பட்டா வாங்க ஒன்பது மாதம்

நேற்று சாயங்காலம் பட்டா வந்துவிட்டது. இணையத்தில் எடுத்து, கடைத்தெருவில் அச்சுப் போட்டு, அப்பாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிப்ரவரியில் தொடங்கியது, நவம்பரில் முடிந்திருக்கிறது. அலுப்பும் கோபமும் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும், இதே வேலைக்கு அலைகிற யாருக்காவது பத்து நாளாவது மிச்சமாகட்டும்.

மதுரைக்கு வெளியே, யானைமலை தெரியும் தூரத்தில் எங்கள் ஊர். அப்பா 1996-ல் 27 சென்ட் இடம் கிரையம் வாங்கினார். பத்திரம் பதிந்ததோடு சரி, பட்டா மாற்றவில்லை. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "பத்திரம் இருக்கில்ல, அப்புறம் என்ன?" என்று இருந்துவிட்டார்கள். இப்போது வீடு கட்டக் கடன் கேட்டபோது வங்கி வக்கீல் ஒரே வார்த்தைதான் சொன்னார்: தனிப் பட்டா வேண்டும். விற்றவர் பெயரில் இருக்கும் மொத்தப் பட்டாவில் எங்கள் துண்டைப் பிரித்து எண் போட வேண்டும். அதாவது உட்பிரிவு. உட்பிரிவு இல்லாத மாறுதல் என்றால் விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அறிக்கையோடு போய்விடும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்தே ஆக வேண்டும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டது கால் மணி நேர வேலை. கட்டணம் 60, உட்பிரிவுக்கு 400, ஆக 460 ரூபாய். பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் ஏற்றினோம். மார்ச் இரண்டாம் வாரம் செல்லுக்குத் தகவல் வந்தது: தள்ளுபடி.

காரணம் கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை நின்ற பிறகு பிரிவு எழுத்தர் கணினியைப் பார்த்துச் சொன்னார்: "உங்க பத்திரத்துல 112/3-னு இருக்கு. அப்படி ஒரு உட்பிரிவே கணக்குல இல்ல. வித்தவர்கிட்ட பிழைதிருத்தல் பத்திரம் எழுதி வாங்கிட்டு வாங்க."

விற்றவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவருக்கு நாலு பிள்ளைகள், நாலு ஊரில். அதைச் சொன்னேன். "அதுக்கு நான் என்ன சார் பண்றது?" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆபீசின் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. அந்த மனிதருக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக இருந்திருந்தால் எங்களுக்கு மூன்று மாதம் வீணாகியிருக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாசல் டீக்கடையில் ஒருத்தர் தானாக வந்து பேச்சுக் கொடுத்து, "15,000 குடுங்க, நாலு வாரிசையும் நான் பார்த்துக்கிறேன்" என்றார். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தேவையே இல்லாத ஒரு பத்திரத்துக்குப் பணம் போயிருக்கும்.

அந்த வாரமே, மார்ச் 16-ல், 2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. வருவாய்த் துறை ஆட்கள் எல்லோரும் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்கள். ஏப்ரலில் இரண்டு முறை போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பினேன். தேர்தல் வருகிற காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், பெட்ரோல் காசுதான் வீண்.

வழி காட்டியவர் எங்கள் ஊர்ப் பழைய தலையாரி. ஊர் நிலக் கணக்கை எழுதிய கணக்குப்பிள்ளை காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1980-ல் அரசு கணக்குப்பிள்ளை பதவியை எடுத்துவிட்டு, பிறகு விஏஓக்கள் வந்தபோது அவர்களிடமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்ததும் கேட்டார்: "ஏந்தம்பி, அ-பதிவேடு எடுத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஊரில் எந்தப் புல எண் யார் பெயரில், எவ்வளவு என்று எழுதிய அரசுக் கணக்கு அது. பட்டாவையும் வில்லங்கத்தையும் மட்டுமே எடுத்து வைத்திருந்தேன். அங்கேயே செல்லில் அரசின் நில ஆவணத் தளத்தைத் திறந்து, மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்ததும் வந்துவிட்டது. காசு கிடையாது. 112/3ஏ, அரசுப் புறம்போக்கு, பாதை. 112/3பி, விற்றவர் பெயர். இரண்டிலும் 'பழைய புல எண்' என்ற கட்டத்தில் 112/3. தேடிய விடை அந்தக் கட்டத்தில் இருந்தது.

பெரியவர் விளக்கினார். 1979-ல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் உண்டே, எல்லோரும் யுடிஆர் என்பார்கள், அதில்தான் எங்கள் புலத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மேற்கே மாட்டு வண்டி போன பாதையை 3ஏ என்று தனியாக எடுத்துவிட்டார்கள், மிச்சம் 3பி. 1996-ல் பத்திரம் எழுதியவர் புதுக் கணக்கைப் பார்க்காமல், கையில் கிடைத்த பழைய பத்திரத்தைப் பார்த்து 112/3 என்றே எழுதிவிட்டார். ஆக, பத்திரம் சொல்கிற இடம் கணக்கில் இருக்கத்தான் செய்கிறது, நம்பர்தான் பழசு. "நாலு மாலும் சரியா இருக்கு பாரு, அப்புறம் எதுக்குப் பிழைதிருத்தல்?" என்றார். நாலு மால் என்றால் நாலு பக்க எல்லை. பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு நம்பர் சேரவில்லை என்று முழிக்கிறவர்கள் முதலில் அ-பதிவேட்டின் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜூனில் ஜமாபந்தி வந்தது. ஊர் நிலக் கணக்குகளை வருஷா வருஷம் தணிக்கை செய்வதுதான் ஜமாபந்தி. இது, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற வருவாய்த் துறை ஆண்டான பசலி 1433-க்கு. மற்ற வேலைக்கு அந்த நாட்களில் தாலுகா ஆபீஸ் போனால் ஒருத்தரும் சீட்டில் இருக்க மாட்டார்கள். ஆனால் மனு கொடுக்க அதைவிட நல்ல நாள் இல்லை, ஏனென்றால் மனுவுக்கு எண் போட்டு ரசீது தருகிறார்கள். ஒரே பக்கத்தில் எழுதி, அ-பதிவேட்டு நகலில் அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு இணைத்தேன். மேஜையில் இருந்த அதிகாரி வட்டத்தைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், "இதுக்கு எதுக்குத் தள்ளுபடி பண்ணாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் மனசில் இருந்த பாரம் பாதி இறங்கியது. புதிதாக விண்ணப்பம் போடச் சொன்னார்கள். திரும்ப 460 ரூபாய்.

இந்த முறை இன்னொன்றும் கவனித்தேன். கணக்கு எல்லாம் ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும், நம் பத்திரம் சென்ட்டில் இருக்கும். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட். 27 சென்ட்டை அதால் வகுத்தால் 10.93 ஏர் வரும். இதைப் போட்டுப் பார்த்துவிட்டே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

ஆகஸ்டில் சர்வேயர் வருவதாகத் தகவல் வந்தது. புதிதாக மாற்றலில் வந்தவர். போனில் வழி கேட்டார். "புளியமரம் ஸ்டாப்புல திரும்புங்க சார்" என்றேன். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்த ஸ்டாப்புக்கு அதுதான் பெயர். அந்தப் புளியமரத்தை நாலுவழிச் சாலை போட்டபோதே வெட்டிவிட்டார்கள் என்பது சொல்லும்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மரத்தைத் தேடிக்கொண்டே ஆறு கிலோமீட்டர் தாண்டிப் போய், யாரோ காட்டிய வேறொரு புளியமரத்தடியில் நின்றிருக்கிறார். அங்கே சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஊர் அளவைக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள் கூட்டுப்பட்டாதாரர்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரையும் வேலையை விட்டு வரச் சொல்லி வெயிலில் நிற்க வைத்திருந்தோம். அடுத்த தேதி கிடைக்க 23 நாள். லொகேஷன் அனுப்பினாலும் நம்பாதீர்கள், ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிறுத்தி வையுங்கள்.

செப்டம்பரில் வந்தார். நல்ல மனிதர், வேலையில் கறார். புலத்தின் அளவுகள் போட்ட புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு முதலில் கேட்டது: "கல் எங்க இருக்கு?" இரண்டு கல் உறுதியாகக் கிடைத்தால் போதும், அதை வைத்து மற்ற மூலைகளைப் போட்டுவிடலாம் என்றார். கிழக்கு மூலைக் கல் வேலிக்கருவைக்குள் கிடைத்தது, வெட்டி எடுக்க அரை மணி நேரம். வடமேற்குக் கல் பாதை ஓரத்தில் இருக்க வேண்டும். இல்லை. எங்கள் பாதைக்கு மூன்று தடவை தார் போட்டிருக்கிறார்கள், ஒரு தடவைகூடப் பழசைச் சுரண்டவில்லை. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவு போட்டிருந்தும், கடைசித் தார் அதற்குப் பிறகு போட்டதுதான். ரோடு உயர்ந்து உயர்ந்து கல் அதற்கடியில் போய்விட்டது. 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி சர்வே கல்லை எடுத்தாலோ சிதைத்தாலோ தண்டனை உண்டு. இங்கே யாரும் எடுக்கவில்லை, சிதைக்கவில்லை, மேலே தாரை ஊற்றி மூடிவிட்டார்கள்.

டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தவரைத் தலையாரிதான் நிறுத்தினார். "சார், கல்லுச்சாமியப் பாருங்க."

எங்கள் 112-ஆம் புலம் ஊரின் கடைசிப் புலம். அதன் தென்மேற்கு மூலையில் மூன்று ஊர் எல்லையும் சேர்கிறது. அங்கே வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். சின்ன வயசிலிருந்து அதைச் சாமி என்றுதான் எனக்குத் தெரியும். ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றுவார்கள், மாடு கன்று ஈன்றால் முதல் பால் அங்கேதான். சர்வேயர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். விளக்கு போடுகிற அப்பத்தாவிடம், "ஆத்தா, தலையில மட்டும் கொஞ்சம் மஞ்சளைத் துடைக்கலாமா?" என்று கேட்டார். அப்பத்தா யாரையும் தொட விடவில்லை. தானே சொம்புத் தண்ணியை ஊற்றி, முந்தானையால் மெதுவாகத் தேய்த்தது. மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அடை அடையாக வந்தது. அடியில் கருங்கல் தெரிந்தது. அதன் தலையில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரைப் பார்த்து. எல்லோரும் வாயடைத்து நின்றோம். சர்வேயர் அந்தக் கோடுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது அசையாத கல். சாமியாக் கும்பிட்டதாலதான் நின்னிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் அளந்து முடித்துவிட்டார். புலப்படத்தில் இருந்த மீட்டர் கணக்கு கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு சாணுக்குள் ஒத்துப்போனது.

அளவு முடிந்து கணக்குப் போட்டபோது எங்களுக்கு வந்தது 26 சென்ட். அப்பா முகம் மாறிவிட்டது. சர்வேயர் பொறுமையாகச் சொன்னார்: அந்த ஒரு சென்ட் யுடிஆரிலேயே பாதைக்குப் போய்விட்டது, விற்றவர் பழைய கணக்கை வைத்து 27 என்று எழுதிக் கொடுத்துவிட்டார், பாதையை ஒட்டிய கடைசித் துண்டு உங்களுடையது என்பதால் குறைவு உங்கள் தலையில் விழுகிறது. நம்பரைத் தப்பாக எழுதிய அதே கை அளவையும் தப்பாக எழுதியிருக்கிறது. நான் வாதாடத் தயாராகத்தான் இருந்தேன். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுல நாமளுந்தானப்பா நடக்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. 1996-ல் அந்த ஒரு சென்ட்டுக்கும் அவர் லாரியில் மூட்டை ஏற்றிச் சம்பாதித்த காசைத்தான் கொடுத்தார்.

அப்புறம் வரைவாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று கோப்பு தானாக நகர்ந்தது. இரண்டு முறை போனில் கேட்டேன், அவ்வளவுதான்.

இப்போது பட்டாவில் அப்பா பெயர், 112/3பி2, 0-10.50, அதாவது 10.50 ஏர். வங்கி வக்கீலிடம் போனில் சொல்லியாகிவிட்டது, பட்டாவில் இருக்கிற அளவுக்குத்தான் கடன் என்றார், சரி என்றோம். இந்த ஞாயிற்றுக்கிழமை வேலிக்கருவையை வேரோடு எடுத்துவிட்டு, கிழக்குக் கல்லுக்கும் சர்வேயர் புதிதாக நட்ட இரண்டு கல்லுக்கும் சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். அப்பத்தாவுக்கு ஒரு சேலையும், கல்லுச்சாமிக்கு ஒரு படி எண்ணெயும் வாங்கி வைத்திருக்கிறார் அப்பா.