முட்டி வலியும் என் இன்ச் டேப்பும்

திருச்சி உறையூரில் 31 வருடமாகத் துணி தைக்கிறேன். வயது 58. வலது முழங்காலில் வலி தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் வலி இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு வருடமாக என் வேலையும் நடையும் என் கைக்குத் திரும்பியிருக்கின்றன. அளவு கொடுக்க வரும் பெண்களில் பாதிப் பேர் நாற்காலியிலிருந்து எழும்போது முட்டியில் கையை ஊன்றித்தான் எழுகிறார்கள். "நீங்க என்னக்கா செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் படி இறங்கும்போதுதான் வலித்தது. ஏறும்போது ஒன்றும் தெரியாது. அப்புறம் காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் முட்டி மடங்காது. பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்த பிறகு இளகும். கோலம் போடக் குந்தினால் உள்ளே மணல் அரைபடுவது போல் ஒரு சத்தம் வரும். டவுன் பஸ்ஸின் முதல் படி என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது போலத் தோன்ற ஆரம்பித்தபோதுதான் டாக்டரிடம் போனேன்.

நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "தேய்மானம்மா. மூணாவது கிரேடு. மாடி ஏறாதீங்க, ரொம்ப நடக்காதீங்க, மிஷின் மிதிக்கிறதை நிறுத்திடுங்க" என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த 'தேய்மானம்' என்ற ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் துணியோடு வாழ்பவள். தேய்மானம் என்றால் எனக்குச் சட்டைக் காலர் நினைவுக்கு வரும். ஒருமுறை நைந்தால் நைந்ததுதான், துவைக்கத் துவைக்க இன்னும் போகும். என் முட்டியையும் அப்படித்தான் நினைத்தேன். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புதான் தேய்கிறது, இருப்பதையாவது மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்க ஆரம்பித்தேன். காய்கறிக் கடைக்கு மருமகள் போனாள். கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கப் பேரனைக் கூப்பிட்டேன். மிஷினுக்கு மோட்டார் மாட்டினேன். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவது.

ஒரு வருடம் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததில் கால் இன்னும் மோசமானது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. உபயோகிக்காத கால் ஏன் கூடுதலாக வலிக்க வேண்டும்? எடை 74 கிலோவுக்கு ஏறியது. ராத்திரி புரண்டு படுத்தால் வலி எழுப்பிவிடும். தூக்கம் கெட்டதால் பகலெல்லாம் எரிச்சல். ஒரு நாள் மருமகள், "அத்தை, டீ ஆறிடுச்சு, சுட வச்சுத் தரவா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மிஷின் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன்.

இடையில் செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போட்டேன். முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு வயிறு எரிந்தது, காலில் வீக்கம் வந்தது, பிரஷர் ஏறியது. இந்த வகை மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரக்கூடியவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போடாதீர்கள். முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். ஆறு வாரம் சொர்க்கம், ஏழாவது வாரம் பழைய கதை. முடக்கத்தான் கீரை தோசை வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிட்டேன். இன்றைக்கும் சாப்பிடுகிறேன், பிடிக்கும் என்பதால். வலி அதனால் குறைந்ததாகச் சொல்ல மாட்டேன்.

திருப்பம் வந்தது அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். "எக்ஸ்ரே இருக்கட்டும்மா. இதைவிட மோசமான படத்தோட வலியே இல்லாம நடக்கிறவங்களும் இருக்காங்க. நீங்க அந்தக் கட்டில்ல காலை நீட்டி உட்காருங்க" என்றாள். இரண்டு தொடைகளையும் தொட்டுப் பார்த்தவள் என் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைக் கவனித்தாள். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தேன். "அதைக் கொடுங்க" என்று வாங்கி, முட்டிச் சில்லுக்கு மேலே நான்கு இன்ச் தள்ளிப் பேனாவால் கோடு போட்டு, சுற்றளவு எடுத்தாள். இடது தொடை 19 இன்ச். வலது பதினேழே முக்கால்.

எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். கால் இன்ச் வித்தியாசத்துக்கே பிளவுஸ் தோளில் நிற்காது என்று எனக்குத் தெரியும். என் காலில் ஒன்றே கால் இன்ச் சதை காணாமல் போயிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

அவள் விளக்கியது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். காலை ஊன்றி எடுக்கும்போது பஞ்சை அமுக்கி விடுவது போல அந்தத் திரவம் உள்ளே போய் வரும். அசையாமல் வைத்திருந்தால் அதற்குச் சாப்பாடு போகாது. தொடையின் முன்பக்கத் தசைதான் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. அது இளைத்துவிட்டால் பாரம் முழுவதும் மூட்டின் தலையில். "நீங்க மிச்சம் பிடிச்சதா நினைச்சீங்க. தசையை இழந்துட்டீங்கம்மா. ஆனா தசை திரும்ப வரும், இந்த வயசுலயும் வரும்" என்றாள். ஒரு வருடமாக 'தேய்மானம்' என்ற அந்த ஒரு சொல் என்னை எவ்வளவு பயமுறுத்தி வைத்திருந்தது என்பது அந்தக் கட்டிலில்தான் உறைத்தது.

மூன்று பயிற்சி கொடுத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதை நசுக்குவது போல் அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மற்றதை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி இறக்குவது. மூன்றாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் பத்து தடவை, காலையும் மாலையும். மூன்றாவது எனக்கு முதல் நாள் ஒரு தடவைகூட வரவில்லை. "நாற்காலி மேல ரெண்டு தலையணை போட்டு உயரமாக்கிக்கோங்க. சுலபமானதும் ஒண்ணை எடுத்துடுங்க" என்றாள். அது உண்மையிலேயே பெரிய உதவி. முதல் தலையணையை எடுக்க ஐந்து வாரம் ஆனது. தலையணை வழுக்காத நாற்காலியாக, சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பத்துக்கு எத்தனை வலி என்று மனதில் மார்க் போடச் சொன்னாள். செய்யும்போது நான்கு வரை போனால் பரவாயில்லை. மறுநாள் காலை பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. இந்தக் கணக்கு கைக்கு வந்தபிறகு வலியைப் பார்த்துப் பயப்படுவது போய்விட்டது.

முதல் மூன்று வாரம் எந்த வித்தியாசமும் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். பலர் விட்டுவிடுவது அங்கேதான். எனக்கு டேப் கைகொடுத்தது. மாதப் பிறப்பன்று அதே கோட்டில் அளந்து காலண்டரில் குறித்தேன். முதல் மாதம் அதே பதினேழே முக்கால். இரண்டாவது மாதம் 18. நான்காவது மாதம் பதினெட்டரை. 18 ஆன மாதம் ராத்திரி வலி என்னை எழுப்புவது நின்றது.

மிஷின் விஷயம் கேளுங்கள். பெடல் மிதிப்பதால் கெடுதல் இல்லை, என் ஸ்டூல்தான் பிரச்சினை என்றாள் அவள். குட்டை ஸ்டூலில் முட்டி இடுக்கப்பட்டு மணிக்கணக்கில் மடங்கியே இருந்தது. கார்பெண்டரிடம் சொல்லி நாலு கால்களிலும் மூன்று இன்ச் உயர்த்தினேன். மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பெல்ட்டைப் போட்டேன். பிளவுஸ் ஜாயிண்ட் அடிப்பதெல்லாம் இப்போது காலால்தான். சேலை ஃபால்ஸ் மாதிரி நீளத் தையலுக்கு மட்டும் மோட்டார். செல்போனில் அரை மணிக்கு ஒரு அலாரம். அடித்தால் எழுந்து, நின்றுகொண்டு கட்டிங் செய்வேன்.

வீட்டில் செய்த மாற்றங்களில் முதன்மையானது கழிவறை. குந்துவதை நிறுத்த, ஓட்டை உள்ள கமோட் ஸ்டாண்டு வாங்கிப் போட்டோம். பிறகு வெஸ்டர்ன் வைத்து, சுவரில் ஒரு பிடியும் அடித்தோம். படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில். கைத்தடி வலி இருக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில். எனக்கு வலது முட்டி, அதனால் இடது கை. தடி பிடிக்க முதலில் கூச்சமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போனால் யாராவது "இந்த வயசுலயே தடியா?" என்பார்கள். தடி இருந்தால் கல்யாணத்துக்குப் போக முடிகிறதே, எனக்கு அது போதும். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையும் என்றார்கள். ராத்திரிச் சோற்றை விட்டு, டீயில் சர்க்கரையை விட்டு, ஒன்றரை வருடத்தில் 68 வந்திருக்கிறேன்.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. போன வருடத்துக்கு முந்தின தீபாவளிக்கு, வந்த துணியையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கடைசிப் பத்து நாள் தினமும் பதினான்கு மணி நேரம். அலாரத்தை அணைத்துவிட்டேன். தீபாவளி அன்று முட்டி பலாக்கொட்டை போட்டுக் கட்டியது போல் வீங்கியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிசியோ பெண்ணிடம் போனால் அவள் பதறவில்லை. வீக்கம் இருக்கும்வரை துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம், இரண்டு நாள் நடையைக் குறைப்பது, துண்டை அழுத்தும் பயிற்சி மட்டும், டாக்டர் எழுதித்தந்த தடவும் வலி ஜெல். ஒன்பது நாளில் வடிந்தது. அடுத்த தீபாவளிக்கு ஐப்பசி பிறக்கும் முன்பே ஆர்டரை நிறுத்தினேன். வருமானம் குறைந்தது உண்மைதான். ஒன்று மட்டும் கவனம்: முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலை இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம்; அதற்கு வைத்தியமே வேறு.

லால்குடி பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கும் இரண்டு முட்டியும் வலி. அவளால் டவுனுக்கு வர முடியாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி சொல்லித்தர வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் அதற்கு எதிரி இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் செய்துகொண்டு நன்றாக நடக்கிறார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு விலை வரம்பு வைத்த பிறகு அந்தக் கருவியின் விலையும் நன்றாகக் குறைந்திருக்கிறது. பயிற்சி செய்தும் ராத்திரி தூக்கமும் அன்றாட நடையும் போய்விட்டால் நானும் செய்துகொள்வேன். அதற்குப் பிறகும் இதே தொடைப் பயிற்சிதான் செய்ய வேண்டும் என்கிறார்கள், ஆக இப்போது சேர்க்கும் தசை வீணாகாது.

போன ஆடி வெள்ளிக்கு மருமகளோடு மலைக்கோட்டைக்குப் போனேன். உச்சி வரை 400-க்கும் மேல் படி. ஆறு வருடமாகக் கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்று இடது கால், வலது கால் என்று ஒவ்வொரு படியாக, நடுநடுவே உட்கார்ந்து, தாயுமானவர் சந்நிதி வரை ஏறினேன். உச்சிப் பிள்ளையாரிடம் மருமகள் மட்டும் போய் வந்தாள். இறங்கும்போது வலது கால் முதலில், ஒரு கை கைப்பிடியில், ஒரு கை அவள் தோளில். வீட்டுக்கு வந்தபோது மார்க் ஐந்து. விடிந்ததும் படுக்கையிலேயே முட்டியை மடக்கிப் பார்த்தேன். இரண்டு. வழக்கமான அதே இரண்டு. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்தேன்.