சனிக்கிழமைச் சம்பளமும் சொல்லாமல் விட்ட காய்ச்சலும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் என்றால் வாரச் சம்பளம். திங்கள் முதல் சனி வரை எத்தனை ஷிப்ட் பார்த்தோம் என்ற கணக்குதான் அடுத்த வாரத்து அரிசியையும் வாடகையையும் சீட்டுப் பணத்தையும் முடிவு செய்யும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இத்தனை என்ற கூலியில், தைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. மிஷினில் உட்கார்ந்தால்தான் காசு. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் தொழிலாளரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காத்த அனுபவத்தை எழுதச் சொன்னால் நான் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் பணியாளர் துறையில் இருந்து நான் பார்த்த வரையில், தையல் தளத்துக்குள் நோய் புகுந்ததற்குக் கிருமி பாதிக் காரணம் என்றால், உடம்பு சரியில்லை என்று சொன்னால் சம்பளம் போய்விடும் என்ற அச்சம் மறுபாதிக் காரணம்.

முதல் ஊரடங்கு தளர்ந்து, 2020 மே மாதத்தில் குறைந்த ஆட்களோடு கம்பெனிகள் திறந்தபோது, எல்லா வாசல்களிலும் வெப்பமானித் துப்பாக்கியோடு ஒரு செக்யூரிட்டி நின்றார். நெற்றிக்கு நேரே பிடித்து எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் பேருந்து ஓடாத நாட்களில் மே மாத வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றி சுடத்தான் செய்யும். அவரை வேப்ப மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்தால் எண் இறங்கிவிடும். உண்மையிலேயே காய்ச்சல் உள்ளவரோ தெருமுனையிலேயே டோலோ 650 ஒன்றைப் போட்டுக்கொண்டு, உடம்பு தணிந்த பிறகு வரிசையில் வந்து நிற்பார். போதாக்குறைக்கு, கட்டிங்கிலும் ஓவர்லாக்கிலும் பஞ்சு பறக்கும் இடத்தில் இருமல் என்பது ஆண்டு முழுவதும் உள்ளதுதான். எந்த இருமல் எதனால் வருகிறது என்று யார் கண்டது? அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இந்த நோய் பரவத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாசலில் நடந்த அந்தச் சடங்கால் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மன ஆறுதல் மட்டுமே.

அந்த ஆண்டு ஒரு நாள் மாலை, செக்கிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், எல்லாரும் கிளம்பிய பிறகு என் அறை வாசலில் சற்றுத் தள்ளியே நின்று, "ரெண்டு நாளா சோத்துல வாசமே தெரியலீங் சார். யாருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் மருத்துவமனையைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ பேசவில்லை. "வூட்டுக்குத் தகரம் அடிச்சுப் போடுவாங்க சார். அப்புறம் அந்தக் காம்பவுண்டுல நாங்க குடியிருக்கவே முடியாதுங்க" என்றார். நோய் கண்ட வீட்டின் முன் தகரம் அடித்து அடைத்த காலம் அது. ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்து உள்ள லைன் வீடுகளில், பொதுக் குழாயையும் பொதுக் கழிப்பறையையும் நம்பி வாழ்பவர்களுக்குத் தகரத்தின் பொருள் தனிமைப்படுத்தல் அன்று, அவமானம். காய்ச்சலோடு வேலைக்கு வந்தவரைப் பொறுப்பற்றவர் என்று திட்டுவது எளிது. அவர் போட்டிருந்த கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. பிழை இருந்தது அவரை அப்படிக் கணக்குப் போட வைத்த ஏற்பாட்டில்.

அந்த ஏற்பாட்டில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஊரடங்குக் காலத்துக்குச் சம்பளம் பிடிக்காமல் தர வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29 அன்று ஆணையிட்டது. மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு நோயுற்றவருக்கு மிஞ்சியது தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகை. சராசரிச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை; நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடுப்பின் முதல் இரண்டு நாளுக்கு அதில் பணம் இல்லை. வாரச் சம்பளக்காரருக்கு அந்த இரண்டு நாள்தான் இடிக்கிறது. நோய் அதிகமாகப் பரவுவதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். அதோடு, ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காதவருக்கு மாதக் கடைசியில் வருகை ஊக்கத்தொகை தரும் வழக்கம் இந்த ஊரில் பல கம்பெனிகளில் உண்டு. வாசலில் 'காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வராதீர்கள்' என்று பலகை வைத்துவிட்டு, வராதவரின் ஊக்கத்தொகையை வெட்டினால், தொழிலாளி பலகையை நம்புவாரா, சம்பளக் கவரை நம்புவாரா?

ஆகவே எங்கள் துறை நிர்வாகத்திடம் முதலில் கேட்டது கிருமிநாசினியோ வெப்பமானியோ அல்ல. அறிகுறி சொல்லி வீட்டில் இருப்பவருக்கு முதல் இரண்டு நாள் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும். நோய் கட்டுக்குள் வரும் வரை வருகை ஊக்கத்தொகையை எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டும். பரிசோதனைச் சீட்டு வந்தால்தான் பணம் என்று நிபந்தனை போடக்கூடாது. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்றார்கள். சிலர் எடுத்தார்கள்தான். அவர்களுக்குப் போன சம்பளத்தையும், ஒரே ஒரு காய்ச்சல்காரரால் ஒரு லைன் முழுவதும் நின்று ஷிப்மென்ட் தவறினால் வரும் நட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகே முதலாளி ஒப்புக்கொண்டார். கருணையைவிடக் கணக்கு விரைவாக வேலை செய்யும் ஊர் இது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதன் பிறகு என் தொலைபேசிக்குக் காலை ஆறரைக்கே அழைப்புகள் வரத் தொடங்கின. தலைவலி, உடம்பு வலி, தொண்டை கட்டல் என்று இதுவரை யாரும் சொல்லாதவை எல்லாம் வந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது போலத் தோன்றினாலும், கூடியது சொல்பவர்களின் எண்ணிக்கைதான்.

பணியிட ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மிஷின்களுக்கு நடுவே இடைவெளி விடுவது, இடையில் தடுப்பு வைப்பது பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, உண்மையான ஆபத்து சாப்பாட்டுக் கூடத்திலும் கம்பெனி வேனிலும் ஹாஸ்டலிலும் இருந்தது. தையல் தளத்தில் உயர்ந்த கூரை உண்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு, முகக்கவசமும் உண்டு. சாப்பாட்டுக் கூடத்திலோ தாழ்ந்த கூரைக்குக் கீழே அத்தனை பேரும் கவசத்தைக் கழற்றிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து குழம்பைப் பங்கு வைத்துப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். காற்றின் வழியாகவும் நோய் பரவும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகளில் அழுத்தமாக இடம்பெறச் சற்றுக் காலம் பிடித்தது. அதற்கு முன்பே நாங்கள் சாப்பாட்டைப் பின்புறத் தகரக் கொட்டகைக்கு மாற்றி, நேரத்தையும் நான்காகப் பிரித்துவிட்டோம். பல்லடம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் வேன்களைப் பாதி ஆட்களோடு இரண்டு நடையாக, சன்னலைத் திறந்துவைத்தே ஓட்டினோம். டீசல் செலவு இரட்டித்தது. அயர்னிங் பகுதியில் நீராவியின் நடுவே நிற்பவர்களுக்குக் கவசம் அரை மணியில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களைத் திட்டிப் பயனில்லை என்பதால் மாற்றுக் கவசங்களும், வெளியே போய்க் கழற்றி மூச்சு வாங்கிக்கொள்ள இடைவேளையும் கொடுத்தோம்.

இதற்கு நடுவே ஒரு முரண். அந்தக் கோடையில் ஊரில் பல கம்பெனிகளைப் போல நாங்களும் மருத்துவர்களுக்கான முழுக்கவச உடைகளைத் தைத்தோம். செயற்கை இரத்தம் துணி வழியாக ஊடுருவுகிறதா என்று கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கினால்தான் அந்த உடை மருத்துவமனைக்குப் போகும். உடைக்கு அத்தனை கடுமையான சோதனை இருந்தது. அதைத் தைத்தவரின் வீட்டில் தனியாகப் படுக்க ஓர் அறை இருக்கிறதா என்று கேட்கும் படிவம் எதுவும் இல்லை.

மனநலம் என்ற பேச்சை எடுத்தால் உளவியல் ஆலோசகரின் எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடும். 104 என்ற அரசு உதவி எண்ணை நாங்களும் ஒட்டினோம். ஆனால் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்களுக்கு அந்தப் பலகையின் எழுத்தே புரியாது. இரவானால் வாட்ஸ்அப்பில் ஏதேனும் ஒரு வதந்தி வரும். இனி ரயிலே விட மாட்டார்கள், கம்பெனி மூடப்போகிறது என்று ஒருத்தி அழத் தொடங்கினால் அறை முழுவதும் அழும். அங்கே பலித்தவை எளியவை. ஒடியா பேசும் ஒரு டெய்லர் பெண்ணையே வார்டனுக்குத் துணையாக வைத்தோம். தினமும் வீட்டோடு வீடியோவில் பேச ரீசார்ஜ் செய்து கொடுத்தோம். வாரந்தோறும் திங்கட்கிழமை, கையில் எத்தனை ஆர்டர் இருக்கிறது, எது ரத்தானது, சம்பளம் எந்த நாள் என்பதைத் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் எழுதி வைத்தோம். ஆர்டர் ரத்தான செய்தியை எழுதிப் போட்டால் பீதி கிளம்பும் என்று மேலாளர்கள் பயந்தார்கள். எழுதாமல் விட்டால்தான் பீதி. கெட்ட செய்தியை நாமே சொன்னபோது அடுத்த நாள் கேள்விகள் வந்தனவே தவிர ஓட்டம் வரவில்லை. ஊருக்குப் போயே தீர வேண்டும் என்றவர்களைத் தடுக்கவும் இல்லை. மே மாதத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள் புறப்பட்டபோது, பாக்கிச் சம்பளத்தை முழுவதும் தீர்த்து, வழிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம். போனவர்களில் கணிசமானவர்கள் திரும்பி வந்ததற்கு அந்தப் பாக்கியில்லாத சம்பளமே காரணம் என்பது என் எண்ணம்.

உள்ளூர்ப் பெண்களின் கவலை வேறு. பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த தாய்மார்கள் பலர். தையல் தளத்தில் செல்பேசிக்குத் தடை என்பது பழைய விதி. அந்த விதியைத் தளர்த்தி, லைன் சூப்பர்வைசரின் மேசையில் பேசிகளை வைத்து, மணிக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம் என்றாக்கினோம். உற்பத்தி குறையும் என்ற பயம் பொய்த்தது. மனம் வீட்டில் கிடக்கக் கை மட்டும் தைத்தால் ஆல்டரேஷன், அதாவது பிழை திருத்தத் திரும்பி வரும் உருப்படிதான் கூடும் என்பது செக்கிங் மேசைக்குத் தெரியும்.

2021 மே மாதத்து இரண்டாம் அலை வேறு வகை. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் மாநிலத்தின் கவலைக்குரிய மாவட்டங்களாயின; அந்த மாத இறுதியில் கோவையின் அன்றாட எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் காலையும் மாலையும் அழைத்தோம். பல்ஸ் ஆக்சிமீட்டர்களை வாங்கிச் சுற்றுக்கு விட்டு, அளவு 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். அழைப்பவர் உற்பத்திப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். சூப்பர்வைசர் அழைத்தால், "சாப்ட்டீங்களா" என்று அன்போடு தொடங்கினாலும், "எப்ப வருவீங்க" என்ற கேள்வி பின்னால் நிற்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இப்படி அழைத்துப் பேசிய எங்கள் துறைப் பிள்ளைகளும் களைத்துப் போனார்கள். நேற்றுப் பேசிய எண்ணை இன்று மகன் எடுத்தால் விஷயம் புரிந்துவிடும். அழைக்கும் வேலையை வாரம் ஒருவர் என்று மாற்றிக்கொண்டோம். குடும்பத் தலைவரை இழந்த வீடுகளுக்கு இ.எஸ்.ஐ.யின் கோவிட் நிவாரணத் திட்டத்தில் சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை மாத உதவி இருந்தது. அதற்கான தாள்களை வீட்டுக்கே கொண்டுபோய் நிரப்பித் தந்ததை, துக்கம் விசாரிப்பதன் பகுதியாகவே கருதினோம்.

தடுப்பூசியிலும் அதே சம்பளக் கணக்கு வந்து நின்றது. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கான தடுப்பூசித் திட்டத்தை முதல்வர் 2021 மே 20 அன்று திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான் தொடங்கிவைத்தார். ஆனாலும் எங்கள் ஆட்களில் பலர் தயங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்ட மறுநாளே மாரடைப்பு வந்து, ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் மறைந்ததைச் சொல்லாதவர் இல்லை. மருத்துவர்கள் ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொன்னதை நாங்களும் திரும்பத் திரும்பச் சொன்னோம். ஆனால் பேசிப் பேசிப் பார்த்ததில், பாதிப் பேரின் தயக்கம் ஊசிக்குப் பிறகு வரும் ஒரு நாள் காய்ச்சலைப் பற்றியது. ஊசியைச் சனிக்கிழமை மதியத்துக்கு வைத்து, ஞாயிறு படுத்துக்கொள்ளலாம், திங்களும் முடியாவிட்டால் சம்பளத்தோடு விடுப்பு என்று அறிவித்த பிறகு வரிசை நீண்டது.

இப்போது வெப்பமானித் துப்பாக்கி ஸ்டோர் ரூமில் இருக்கிறது. வருகை ஊக்கத்தொகை பழையபடி திரும்பிவிட்டது. அதை எதிர்த்துப் பார்த்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. தகரக் கொட்டகைச் சாப்பாடு நீடிக்கிறது, ஏனென்றால் காற்றோட்டம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. காய்ச்சலுக்கு முதல் இரண்டு நாள் சம்பளம் என்ற ஏற்பாடு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் கூட்டத்தில் கேள்விக்கு உள்ளாகிறது. டெங்கு, ஃப்ளூ சீசனில் அதை வாங்கியவர்களின் பதிவேட்டையும், அதே வாரங்களில் லைன் நிற்காமல் ஓடிய உற்பத்திக் கணக்கையும் நான் கொண்டுபோய் மேசையில் வைக்கிறேன். இந்த ஆண்டுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது.