மூடி வைத்த பிறகு மிஞ்சியவை: என் நாவல் நோட்டிலிருந்து

கொஞ்ச காலமாக நாவல்களை ஒரு வழிமுறை வைத்துக்கொண்டு வாசித்து வருகிறேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஒரு நாவலை முடித்த கையோடு எதுவும் எழுதக் கூடாது. சில நாள் போகட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறக்காமல், மனதில் என்ன நிற்கிறதோ அதை மட்டும் நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். பின்னட்டையில் போட்டிருப்பது, முன்னுரையில் ஒரு பெரிய எழுத்தாளர் சொல்லியிருப்பது, வாங்கிய விருது, எதுவும் அந்தப் பக்கத்துக்குள் வரக் கூடாது. அதனால் முன்னுரையையே கடைசியில்தான் வாசிக்கிறேன். தடித்த நாவல் ஒன்று முடிந்தால் அடுத்தது மெல்லியதாக எடுப்பேன். தொடர்கதை, துப்பறியும் கதை, வேறு மொழியிலிருந்து வந்தது என்று எதையும் ஒதுக்குவதில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. கதையில் யாருக்கு என்ன ஆயிற்று என்பது என் பக்கங்களில் மிகக் குறைவு. அந்த ஆட்கள் என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதுதான் நிறைய இருக்கிறது. வேலையை முழுசாக எழுதியவர்களின் நாவல் அப்படியே நிற்கிறது, மற்றவை சீக்கிரம் கலைந்துவிடுகின்றன. கீழே வருகிற அபிப்பிராயங்கள் எல்லாம் அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்தவை.

இதுவரை வாசித்ததில் முதல் இடம் தாராசங்கர் பந்தோபாத்யாயின் ஆரோக்கிய நிகேதனத்துக்கு. வங்காளத்தில் 1953இல் வந்தது, 1956இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது, தமிழில் த. நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தது. கிராமத்து நாட்டு வைத்தியர் ஜீவன் மஷாய், நாடி பிடித்துப் பார்த்தே ஒருவர் எப்போது சாவார் என்று சொல்லிவிடுகிறவர். ஊருக்குப் புதிதாக வருகிற இளம் டாக்டர் பிரத்யோத்துக்கு இது காட்டுமிராண்டித்தனமாகப் படுகிறது. நோயாளியிடம் போய் நீ பிழைக்க மாட்டாய் என்று சொல்லலாமா என்று கோபப்படுகிறார். இதை இரண்டு மருத்துவ முறைகளின் சண்டையாக மட்டும் எழுதியிருந்தால் கட்டுரை படித்தது போல முடிந்திருக்கும். தாராசங்கர் அந்தப் பக்கமும் போகிறார், இந்தப் பக்கமும் போகிறார். புதிய மருந்துகள் உயிரை மீட்பதைக் கிழவர் கண்ணாரப் பார்க்கிறார், ஒத்துக்கொள்கிறார். ஆனால் சாவை எப்படி எதிர்கொள்வது என்கிற அறிவு அவரிடம்தான் இருக்கிறது. அதற்கு ஊசி இல்லை. தன் ஒரே மகனின் நாடியைப் பிடித்து அவன் பிழைக்க மாட்டான் என்று அவரே தெரிந்துகொள்கிற இடத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் எடுக்க முடியவில்லை. அவர் மனைவி அதற்காக அவரைக் கடைசிவரை மன்னிப்பதில்லை. அந்த அம்மாளின் ஏச்சுப் பேச்சுகள் இல்லாவிட்டால் இது ஒரு ஞானியின் கதையாகப் போயிருக்கும், அவள்தான் இதைக் குடும்பக் கதையாக நிலத்தில் நிறுத்துகிறாள். குறை என்று பார்த்தால் இளமையில் அவர் விரும்பிய மஞ்சரி வருகிற பகுதி எனக்கு நீளம். ஆனால் விரல்கள் நாடியில் இருக்கும்போது எழுத்து மெதுவாகிற விதம் இருக்கிறதே, அதை வேறு எந்த நாவலிலும் நான் பார்க்கவில்லை. இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் நோட்டில் ஒரு பக்கம் போதாமல் விதியை மீறினேன்.

அடுத்து ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. 1972இல் வெளிவந்தது. அவர் எழுதியதே இரண்டு நாவல்கள்தான், இதுவும் கடலுக்கு அப்பாலும். சிங்கம்புணரிக்காரர், இளம் வயதில் சுமத்ராவில் இருக்கும் மெடானுக்குப் போய் வேலை பார்த்தவர், போர் முடிந்து திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். ஜப்பானியர் மெடானுக்குள் நுழைவதில் நாவல் தொடங்குகிறது. சுமத்ராவையும் பினாங்கையும் காட்டும் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். மலாக்கா நீரிணையின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணில் பட்ட பிறகு நாயகன் பாண்டியனின் கடல் பயணத்துக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. செட்டியார்களின் வட்டிக்கடை உலகம், அதில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று இருக்கும் வரிசை, கணக்கு, பற்று வரவு, ஊருக்குப் போய் வருகிற தவணை எல்லாம் அவர் உள்ளே இருந்து எழுதியிருக்கிறார். போர் அந்தக் கடைகளை என்ன செய்தது என்பது அதனாலேயே உறைக்கிறது.

மனம் திறந்து சொல்கிறேன், நாவலின் புகழ்பெற்ற குடிமேசைப் பேச்சுகள், தமிழின் பழம்பெருமையைப் போட்டு உலுக்குகிற அந்தப் பக்கங்கள், முதல் வாசிப்பில் பிரமிப்பு, இரண்டாவதில் கொஞ்சம் நீளம். பெண்களைச் சிங்காரம் சரியாகப் பார்க்கவில்லை என்றும் நினைக்கிறேன், அவர்கள் பாண்டியனின் வழியில் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். அப்படியும் தமிழில் இவ்வளவு அகலமான வெளியில் நடமாடுகிற நாவல் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அந்நிய மண்ணில் நிற்கிற பாண்டியனுக்குள் மதுரைத் தெருக்கள் ஓடுகிற பகுதிகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் போகும்.

கடலுக்கு அப்பால் சிறியது, சாந்தமானது, செல்லையாவும் மரகதமும் சேர முடியாமல் போகிற கதை. பலர் இதைத் தோணிக்கு முந்திய பயிற்சி மாதிரி பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வயிரமுத்துப் பிள்ளை என்கிற முதலாளியின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருக்கும் துயரம் தோணியில் கிடைக்காத ஒன்று.

பூமணியின் வெக்கை (1982) மெல்லிய புத்தகம். அசுரன் படம் பார்த்தவர்கள் அதே கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். படம் பழிவாங்கலின் பக்கம் போகிறது, நாவல் ஒளிந்து திரிவதன் பக்கம் நிற்கிறது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் சுற்றுகிறார்கள், ஆக்கித் தின்கிறார்கள், தூங்க இடம் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். என் பக்கத்தில் முதலில் எழுதியது சாப்பாடு. எதை எங்கே பறிக்கலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தச் செடியின் பக்கம் படுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த அப்பன் தன் மகனுக்குச் சொல்லித் தருகிற பாடம். ஒரு கொலைக்குப் பிறகு அப்பாவும் மகனும் இவ்வளவு நெருக்கமாக ஆவதை, எங்கேயும் குரலை உயர்த்தாமல், பூமணி எழுதியிருக்கிறார். உரையாடலை வாய்விட்டு வாசித்தால்தான் அதன் வேகம் பிடிபடுகிறது. கண்ணால் மட்டும் ஓட்டினால் கரிசல் பேச்சு கொஞ்சம் தள்ளி நிற்கும்.

இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994) பற்றி எழுதிய பக்கம் நோட்டில் மிக இறுக்கமானது. தலித் குடிகளுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம், அவள் புருஷன் சவுரி, பிள்ளைகள். பிரசவம் பார்க்கிறாள், சாவு வீட்டு வேலை செய்கிறாள், வீடு வீடாகச் சோறு எடுக்கிறாள், களத்தில் தனக்குரிய தானியத்துக்காகக் காத்து நிற்கிறாள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு குடும்பத்தை வைத்து ஊர் நடத்துகிற விதம், வருஷத்துக்கு வருஷம் அளந்து போடுகிற தானியம் குறைந்துகொண்டே போவதில் தெரிகிறது. பாட்டாளியின் துயரத்தை எழுதுகிற நாவல்களில் வழக்கமாக வருகிற ஆவேசப் பேச்சு இதில் கிடையாது. ஆரோக்கியம் அழுகிறாள், ஒப்பாரி வைக்கிறாள், மறுநாள் துணி எடுக்கப் போகிறாள். ஒப்பாரி இடங்கள் சில அதிகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை, அவளுக்கு வேறு எந்த மேடையும் இல்லை.

மோகமுள்ளைப் பற்றி நான் சொல்லப்போவது தி. ஜானகிராமன் அன்பர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். யமுனாவுக்காக பாபு உருகுகிற பக்கங்களில் பாதி எனக்கு வேண்டியதில்லை. தன்னைவிட பத்து வயது மூத்தவளை ஒருவன் தெய்வமாக்கி வைத்து வருஷக்கணக்கில் சுற்றிவருவதில் அவள் என்ன நினைத்தாள் என்பது வெகு தாமதமாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. கிழவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பக்கத்து வீட்டுத் தங்கம்மாவை, கொஞ்சப் பக்கங்களே வந்தாலும், மறக்க முடியவில்லை. பாபு அவளுக்குச் செய்ததற்கு நாவல் போதுமான அளவு கணக்குக் கேட்கவில்லை என்பது என் தீராத வருத்தம். ஆனால் பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா! அந்தக் கும்பகோணத்து வீட்டில் அவர் தம்பூராவைச் சுருதி சேர்க்கிற இடங்களுக்காகவே இந்த நாவலை மறுபடி எடுப்பேன். வடக்கிலிருந்து வருகிற பாடகர்கள் குரலைத் திறந்து பாடுகிற காட்சியில் பாபுவுக்குத் தன் குரல் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. சங்கீதம் தெரியாதவனுக்கும் காது கேட்கும்படி அதை எழுதியிருக்கிறார். சாதகம் என்கிற பாட்டுப் பயிற்சியின் உழைப்பு வருகிற பக்கமெல்லாம் ஜானகிராமன் உச்சத்தில் இருக்கிறார்.

சுந்தர ராமசாமியில் என் ஓட்டு ஒரு புளியமரத்தின் கதைக்கு (1966). ஜே.ஜே: சில குறிப்புகள் (1981) வந்தபோது அது எவ்வளவு பெரிய அதிர்வாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஜே.ஜே. என்கிற ஜோசஃப் ஜேம்ஸ் இறந்த தேதியை, பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் என்று வைத்து ஆரம்பிப்பதே ஒரு துணிச்சல். டைரிப் பகுதியில் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும் வரிகள் ஏராளம். சில நாள் கழித்துப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது வரிகள் இருந்தன, ஜே.ஜே. என்கிற மனிதன் இல்லை. புளியமரத்தில் நேர்மாறு. தாமோதர ஆசான் கதை சொல்கிற குரல் இன்னும் கேட்கிறது, அந்த முச்சந்தியின் கடைகள், நகரசபைத் தேர்தல், தாமுவுக்கும் காதருக்கும் நடக்கிற வியாபாரப் போட்டி எல்லாம் வரிசையாக வருகின்றன. ஒரு மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பதில் ஒரு ஊரின் அரசியல் மொத்தமும் வந்துவிடுகிறது.

பொன்னியின் செல்வனைத் தவிர்க்க முடியாது. 1950இல் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வந்த தொடர், ஐந்து பாகம். வாராவாரம் காத்திருந்து வாசிப்பதற்காகக் கட்டப்பட்டது. மூச்சு விடாமல் வாசித்தால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிவது மூன்றாம் பாகத்துக்கு மேல் அலுக்கிறது. அதனால் தினம் இரண்டு மூன்று அத்தியாயம் என்று மாற்றினேன், நன்றாக வந்தது. அரண்மனைப் பெண்களைவிட கோடிக்கரையில் படகு விடுகிற பூங்குழலிதான் எனக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை, அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதில் அவள் கெட்டி.

சுஜாதாவின் கரையெல்லாம் செண்பகப்பூ, நாட்டுப்பாடல் சேகரிக்க கிராமத்துக்கு வந்து ஜமீன் வீட்டில் தங்குகிற கல்யாணராமன் கதை. ஒரே மாலையில் முடித்தேன். மர்மத்தின் விடை எனக்கு ஏமாற்றம், ஆனால் ராத்திரிகளில் அந்தப் பழைய வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளில் வாக்கியத்தைச் சுஜாதா எவ்வளவு குறைக்கிறார் என்று பார்ப்பதே சுகம். தடித்த புத்தகங்களுக்கு நடுவே இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

வேலையை முழுசாக எழுதிய நாவல்தான் நிற்கும் என்று நான் கண்டுபிடித்ததாக நினைத்த விதியை உடைத்தது அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு (1977). சந்திரசேகரன் செகந்திராபாத்தில் லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் இருக்கும் சாதாரணக் கல்லூரிப் பையன். கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான், பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வெளியே 1947உம் 1948உம் நடக்கின்றன, ஹைதராபாத் நிஜாம், அவர் பக்கம் நின்ற ரஜாக்கர் படை, காந்தி கொலை. நடுநடுவே நான் என்பது அவன் என்று மாறுகிறது, மறுபடி நான் ஆகிறது. முதலில் தட்டுப்பட்டது, பிறகு பழகிவிட்டது. கடைசிப் பக்கங்களில் கலவர இரவில் அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், அதை அறியாமல்தான் போய்ச் சேர வேண்டும். இருநூறு பக்கமாகக் குரலை உயர்த்தாத ஒருவர் அங்கேயும் உயர்த்தவில்லை, எனக்கு உடம்பு நடுங்கியது. வேலையே இல்லாத ஒருவனைச் சுற்றி இவ்வளவு முழுமையான நாவல். ஆகவே விதி, விதி என்று ரொம்பப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை.

ஜெயமோகனின் ஏழாம் உலகத்துக்கு (2003) இன்னும் பக்கம் எழுதவில்லை, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உடல் குறைபட்டவர்களை வைத்துப் பிச்சை எடுக்க வைக்கிற போத்திவேலு பண்டாரம் தன் பெண்களிடம் அவ்வளவு பாசமான அப்பா. அவர் வாயில் மனிதர்கள் ‘உருப்படி’. அந்த உருப்படிகள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்கிற இடங்கள்தான் நாவலின் உயிர் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது.

இப்போது கையில் இருப்பது ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு (2004), பாதி தாண்டிவிட்டேன். ஆமந்துறை மீனவர்களின் பல தலைமுறைக் கதை, 1933இல் ஆரம்பித்து 1985 வரை போகிறது, நடுவே கடலில் தத்தளிக்கிற கட்டுமரம் ஒன்றுக்குத் திரும்பித் திரும்பி வருகிறது. பெயர்கள் குவிகின்றன, யார் யாருக்கு என்ன உறவு என்று தனித்தாளில் குடும்பக் கொடி வரைந்து வைத்துக்கொண்டுதான் போகிறேன். பரதவர் பேச்சு முதல் நூறு பக்கத்தில் தடுக்கும், பொறுமையாக இருங்கள், அப்புறம் வழிவிடும். காற்று, நீரோட்டம், வலை, தூண்டில், சுறா வேட்டை எல்லாம் கடலுக்குள் இருந்தே எழுதப்பட்டிருக்கின்றன. கரையில் நடக்கிற காதல், பகை விவகாரங்கள் அந்த அளவுக்கு இறுகவில்லை, கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகிறார் என்பது இந்த இடத்தில் என் எண்ணம். மீதியையும் முடித்துவிட்டு, சில நாள் விட்டு, பக்கத்தை எழுதும்போது அது மாறுகிறதா என்று பார்க்கிறேன்.