வால் முதலில் எந்தப் பக்கம் போகிறது?

ஜூனில் கலிபோர்னியாவின் டையோகா கணவாய் திறந்ததும் யோசெமிட்டி வழியாக மோனோ ஏரிக்குப் போனோம். கணவாயின் உச்சி மூவாயிரம் மீட்டருக்கு மேல், சாலையோரம் இன்னும் பனி கிடந்தது. கிழக்கே இறங்கினால் வறண்ட நிலம், கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் பூத்த சேஜ்பிரஷ் புதர்கள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன், கற்பூரம் கலந்த வாசனை. நம்மூர்ப் பூக்கடை மரிக்கொழுந்தும் இதே ஆர்ட்டிமீசியா இனம்தான் என்று மனைவியிடம் சொன்னதும் அவள் ஒரு கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

நான் தேடி வந்தது கிரே ஃப்ளைகேட்சர், சாம்பல் ஈப்பிடிப்பான். பெயர்தான் ஈப்பிடிப்பான், நம்மூர் ஈப்பிடிப்பான்களோடு இதற்கு உறவில்லை, அமெரிக்காவின் டைரன்ட் குடும்பம். எம்பிடோனாக்ஸ் என்ற இதன் பேரினத்தில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும், அதைச் சேர்ந்த டஸ்கி, ஹேமண்ட் என்ற இரண்டு ஈப்பிடிப்பான்களும் இதே மலைத்தொடரில் உண்டு. நிறத்தை நம்பினால் குழப்பம்தான்.

காலை ஏழு மணி இருக்கும், ஒரு புதரின் உச்சிக் குச்சியில் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு பதின்மூன்று கிராம்தான் இருக்கும் அந்த உடம்பு. வாலை மெதுவாகக் கீழே இறக்கி, அப்புறம் பழைய இடத்துக்கு உயர்த்தியது. மறுபடியும் அதே மாதிரி, கீழே, பிறகு மேலே. மற்ற இரண்டும் வாலை வெடுக்கென்று மேலே தூக்கும், இது மட்டும்தான் இப்படி நிதானமாகக் கீழே தாழ்த்தும். தொலைநோக்கியில் அலகின் கீழ்ப்பாதி வெளிர் ஆரஞ்சாகவும் நுனி மட்டும் மையில் தொட்டெடுத்தது போலக் கறுப்பாகவும் தெரிந்தது. சட்டென்று தரைக்கு இறங்கி எதையோ கொத்திக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பியது. புதர்களுக்கிடையே வெறும் மண் கிடக்கும் இந்த நிலத்தில் இரை தரையிலும் கண்ணில் படும், அதனால் இது அடிக்கடி இறங்குகிறது.

நிபுணர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1858இல் பெயர்ட் என்ற அமெரிக்க அறிஞர் சூட்டிய 'ரைட்டீ' என்ற அறிவியல் பெயரை வெகுகாலம் டஸ்கிக்கு வைத்திருந்தார்கள். 1939இல் பறவையியலாளர் ஆலன் பிலிப்ஸ் மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயர் சூட்ட அடிப்படையாக இருந்த பாடம் செய்த பறவையைப் பார்த்து, அது சாம்பல் ஈப்பிடிப்பான் என்று காட்டினார். டஸ்கிக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. கையில் பறவையை வைத்திருந்தவர்களுக்கே அப்படி என்றால், உயிரோடு வாலாட்டும் பறவையைப் பார்க்கக் கிடைத்த நமக்குத்தான் வேலை எளிது.

'சிவிப்' என்று இரண்டு முறை கத்திவிட்டு அடுத்த புதருக்குப் போனது. அங்கேயும் வால் முதலில் கீழேதான் போனது.