பரணில் கிடந்த கேசட்டும் பாலாற்று வெள்ளமும்

2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது வேலூரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும் போனேன். மணலும் முள்ளும்தான் ஆறு என்று பார்த்தே வளர்ந்தவனுக்கு அவ்வளவு தண்ணீர் பயமாகத்தான் இருந்தது. அங்கே நின்றபோதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. ஒரு பையன், அவன் வளர்க்கிற கழுதை. யாரோ அதை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள், கடைசியில் வெள்ளத்தில் நீந்தி அவனைத் தேடி வந்துவிடும். பெயர் தெரியாது, யார் நடித்தது என்று தெரியாது. டப்பிங் படம் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் வாய் மூடிய பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

பார்த்தது குடியாத்தத்தில், சித்தப்பா வீட்டில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது. எனக்கு ஏழு வயது. டிவியும் டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டி) ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, வாசலில் பாய் விரித்து, விடிய விடிய நாலு படம் ஓட்டுவார்களே, அந்தக் காலம். பெரியவர்கள் படம் இரண்டு முடிந்த பிறகு பிள்ளைகளுக்காக இதைப் போட்டார்கள்.

நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டவர்கள் எல்லாரும் "கழுதையா? யானையா இருக்கும்பா" என்றார்கள். விட்டுவிட்டேன். போன பொங்கலுக்குச் சித்தப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னால், "அந்தக் கேசட்டைத் திருப்பிக் குடுக்கவே இல்லடா, அதுக்குள்ள கடையை மூடிட்டான். பரண் மேல கீது பாரு" என்கிறார். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேசட் கிடைத்தது. லேபிளில் பேனாவால் 'சின்னப் பசங்க படம்' என்று மட்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். இதை அப்படியே டெக்கில் போடவே கூடாது, பூஞ்சணம் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் போகும். அடியில் ஐந்து திருகுகள் இருக்கும், கழற்றினால் மேல் மூடி வந்துவிடும். ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அரை நாள் போனது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் இரண்டு வாரம் மூடி வைத்தேன். பிறகு மொட்டை மாடியில், மூக்கைக் கட்டிக்கொண்டு, மெல்லிய துணியால் பிடித்தபடி கையாலேயே நாடாவைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். 180 நிமிஷக் கேசட்டில் இருக்கிற நாடா கால் கிலோமீட்டருக்கும் மேல். தோள்பட்டை விட்டுப்போச்சு.

அடுத்து டெக். புதிதாக வாங்க வழியில்லை, 2016-லேயே உலகத்தில் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனியும் நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடையில் எடுத்ததில் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது (நம்ம ஊர் வெயிலுக்கு அது உருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்). பெல்ட் மாற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் தாளை ஹெட் பதிந்திருக்கிற உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் சுற்றினேன். பஞ்சு வைத்து மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது. கேசட் போயே போச்சு என்று நினைத்தேன், பார்த்தால் டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை ஏற்றுகிற யூஎஸ்பி கேப்சர் கருவி என்டிஎஸ்சி-யில், அதாவது அமெரிக்க வீடியோ முறையில் இருக்கிறது. நம்ம ஊர் முறை பால் (PAL), 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். அதை மாற்றியதும் கலர் வந்தது. இரண்டாவது நாள் நாற்பதாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. மூன்றாவது நாள், படம் ஆடாமல் இருக்க டிராக்கிங்கைத் திருகியபடியே பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதாக ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் வரி விட்டு வரி பின்னியிருக்கிற இரண்டு பாதிப் படங்களைத் தனித்தனியாக்கி, 25 ஃபிரேமை 50 ஆகப் பிரித்து (இதற்கு டிஇன்டர்லேஸ் என்று பெயர்) முடித்த பிறகு கழுதை ஓடுகிறபோது சீப்புப் பல் மாதிரி வந்த கோடுகள் போய்விட்டன.

சரி, படம். கழுதை இருக்கிறது, பையன் இருக்கிறான், வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் அதே மாதிரி இருக்கிறது. ஆனால் ஆறே இல்லை. சந்தையில் கழுதையை விற்கிறார்கள், பையன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறான், அவ்வளவுதான், முடிந்தது. நாடா அறுந்து ஒட்டியிருக்கிறார்களோ என்று மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். ஒட்டு எதுவும் இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டாள். "நீ பாதியிலயே தூங்கிட்ட. காலையில எழுந்து கழுதை இன்னா ஆச்சுன்னு ஒரே அழுகை. இன்னாத்த சொல்றது, ஆத்துல நீந்தி வந்துடுச்சுன்னு சொன்னேன்."

இப்போது யோசித்தால் என் ஞாபகத்தில் அந்தக் கழுதை நீந்தி வந்தது பாலாற்றுப் பாலத்துக்கு அடியில்தான், காட்பாடிப் பக்கத்துக் கரையில் ஏறியது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் 11 நிமிஷம் மட்டும் இன்னும் பனி கொட்டுகிற மாதிரிதான் இருக்கிறது, பூஞ்சணம் அங்கேதான் அதிகம். படத்தின் பெயரும் அங்கேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து திருகையும் மறுபடி கழற்றப் போகிறேன், இந்தத் தடவை போட்டோ எடுத்துக்கொண்டு. அக்கா ஒரு காப்பி கேட்டிருக்கிறாள், பேரனுக்குப் போட்டுக் காட்டவாம். கடைசிப் பத்து நிமிஷத்தை வெட்டிவிட்டுக் கொடு என்கிறாள்.